பிணை வழங்குவதே விதி. அந்த விதி யாருக்கு?

கைது செய்யப்பட்ட ஒருவரின் குடும்பத்தினர் சட்டத்தரணியைச் சந்திக்கும்போது முதலில் கேட்பது 'குற்றம் என்ன?' என்றல்ல; 'எப்போது வெளியே எடுக்கலாம்?' என்றே கேட்கின்றனர். இக்கேள்விக்கான விடை, சந்தேகநபர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதிலும் பார்க்க, பொலிஸார் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அவரை நீதிமன்றில் ஆஜர்படுத்துகின்றனர் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்களும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் குடும்பங்களும் இதனைப் பெரும் விலை கொடுத்தே அறிந்துகொண்டன. ஆயினும் பிணை தொடர்பான சட்டம் என்ன சொல்கின்றது என்பது இரு சமூகத்தினர் மத்தியிலும் போதியளவு அறியப்படாததாகவே இருந்து வருகின்றது.

இலங்கையில் பிணையை ஒழுங்குபடுத்தும் பொதுச் சட்டம் 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டமாகும். அதன் 2 ஆம் பிரிவு, பிணை வழங்குவது விதியாகவும் பிணையை மறுப்பது விதிவிலக்காகவும் கொள்ளப்படவேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையின்படி, குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரையில் ஒவ்வொருவரும் நிரபராதி என்றே ஊகிக்கப்படவேண்டும். நிரபராதி என்று ஊகிக்கப்படும் ஒருவரை ஏன் அடைத்து வைக்கவேண்டும் என்பதற்குக் காரணம் காட்டவேண்டிய பொறுப்பு அரச தரப்பினுடையது. எனவே பிணை கோரி நிற்பவர் நீதிமன்றத்திடம் சலுகை எதனையும் யாசித்து நிற்கவில்லை.

குற்றங்கள் பிணை வழங்கத்தக்கவை, பிணை வழங்கத்தகாதவை என இரண்டாக வகுக்கப்பட்டுள்ளன. சிறுகாயம் விளைவித்தல் போன்றவை முதல் வகையைச் சார்ந்தன. இவற்றில் பிணை பெறுவது சந்தேகநபரின் உரிமையாகும். கொள்ளை போன்றவை இரண்டாம் வகையின. 'பிணை வழங்கத்தகாத குற்றம்' என்ற சொற்றொடரைக் கேட்டதுமே, இனி வழக்கு முடியும்வரை சிறைதான் எனப் பலர் மனமுடைந்து போகின்றனர். அது தவறான புரிதலாகும். அத்தகைய குற்றங்களில் பிணை வழங்குவதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு விடப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். மரணதண்டனை அல்லது ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்படக்கூடிய குற்றங்களில் மாத்திரம் நீதிவானுக்குப் பிணை வழங்கும் அதிகாரமில்லை. மேல் நீதிமன்ற நீதிபதியிடமே செல்லவேண்டும். கொலை வழக்கொன்றில் நீதிவான் நீதிமன்றத்திலேயே பிணை எடுத்துத் தருவதாகக் கூறிப் பணம் கேட்பவர் எவராயினும், அவரிடத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கைதின் முதல் நாள் மிக முக்கியமானது. கைதுக்கான காரணத்தைப் பொலிஸார் அந்நபருக்குத் தெரிவிக்கவேண்டும். சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை, பயணத்துக்கான நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன்னிலையில் ஆஜர்படுத்தவேண்டும். பிணை வழங்கத்தக்க குற்றமாயின் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியே எழுத்திலான பொறுப்பேற்பைப் பெற்றுக்கொண்டு விடுவிக்கலாம். மக்கள் இதனைப் 'பொலிஸ் பிணை' என்பர். பொலிஸ் நிலையத்தில் சந்தேகநபரின் சார்பில் சட்டத்தரணி ஒருவர் தோன்றுவதற்கு 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பொலிஸ் விதிகள் இடமளிக்கின்றன. எமது வாசகர்களில் பலருக்கு இவையெல்லாவற்றிலும் பார்க்கப் பெரிய சிக்கல் மொழியேயாகும். தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிடுவோர் எத்தனையோ பேர். அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை வாசித்து விளக்குமாறு கேட்பதற்கு எவரும் தயங்கவேண்டியதில்லை. நீதிமன்றிலும், வழக்கு நடைபெறும் மொழியை அறியாதவருக்கு உரைபெயர்ப்பாளரை அரச செலவில் வழங்கவேண்டும் என அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை விதிக்கின்றது.

நீதிவான் முன்னிலையில் பொலிஸார் சமர்ப்பிப்பது 'பீ அறிக்கை' எனப்படுகின்றது. சந்தேகநபர் மீது சுமத்தப்படும் குற்றமும், அதற்குரிய சட்டப் பிரிவும், விசாரணையில் இதுவரை வெளிவந்தவையும் அதிலேயே இருக்கும். இவ்வறிக்கையின் பிரதியைப் பெற்று வாசிக்காமல் பிணை விண்ணப்பம் செய்வது இருட்டில் நடப்பதற்கு ஒப்பானது. பிணையை மறுப்பதற்கு நீதிமன்றம் கொள்ளக்கூடிய காரணங்களைப் பிணைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. சந்தேகநபர் மீண்டும் நீதிமன்றுக்கு வரமாட்டார், சாட்சிகளில் தலையிடுவார், பிணையில் இருக்கும்போது வேறு குற்றம் புரிவார் என நம்புவதற்கு இடமிருக்கவேண்டும். அல்லது குற்றத்தின் பாரதூரமும் அதற்கெதிரான மக்களின் எதிர்வினையும் பொது அமைதியின்மைக்கு வழிவகுக்கவேண்டும். மறுக்கும் நீதிமன்றம் காரணங்களை எழுத்தில் பதிவு செய்யவேண்டும்.

மேற்சொன்னவற்றுள் இறுதிக் காரணம் குறித்து எமக்கு உடன்பாடில்லை. மக்கள் கொதித்தெழுகின்றனர் என்பதற்காக ஒருவரை அடைத்து வைப்பது, கூச்சலிடுவோரின் கையில் ஒருவரது சுதந்திரத்தை ஒப்படைப்பதாகவே முடியும். சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கைதாகும்போது அத்தகைய கூச்சல் எவ்வளவு விரைவாக எழுகின்றது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

பிணை மறுக்கப்பட்டால் விளக்கமறியல். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி விசாரணைக் காலத்தில் நீதிவான் ஒரு தடவையில் 15 நாட்களுக்கு மேற்படாமல் விளக்கமறியல் உத்தரவு பிறப்பிக்கலாம். பதினான்கு நாட்கள், மீண்டும் பதினான்கு நாட்கள் என இது நீள்வதை வாசகர்கள் அன்றாடச் செய்திகளில் காண்கின்றனர். இலங்கைச் சிறைகளில் எந்தவொரு நாளிலும் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்டனை பெறாத விளக்கமறியற் கைதிகளே ஆவர். விளக்கமறியல் என்பது வெறும் காத்திருப்பு என எண்ணுவோர் 1983 ஜூலையை நினைவுகூரவேண்டும். அம்மாதம் 25 ஆம், 27 ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளில் பலர் எந்த நீதிமன்றினாலும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படாதவர்கள்.

ஆனாலும் விளக்கமறியலுக்கு எல்லை உண்டு. குற்றத்தீர்ப்பும் தண்டனையும் வழங்கப்படாத எவரையும் கைதான நாளிலிருந்து 12 மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கலாகாது எனப் பிணைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு கூறுகின்றது. சட்டமா அதிபர் விண்ணப்பித்து உரிய காரணம் காட்டினால் மேல் நீதிமன்றம் மும்மூன்று மாதங்களாக, மொத்தம் மேலும் 12 மாதங்கள் வரை அதனை நீடிக்கலாம். தமது பிள்ளை எத்தனையாவது மாதத்தில் இருக்கின்றார் என்பதைக் குடும்பத்தினர் தாமே கணக்கு வைத்திருந்து சட்டத்தரணிக்கு நினைவூட்டுவது அவசியம். சிறைச்சாலையோ நீதிமன்றப் பதிவேடோ அவர்களைத் தேடி வந்து சொல்லப்போவதில்லை.

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உளர். சொந்தப் பிணை, காசுப் பிணை, சரீரப் பிணை என வகைகள் பல இருப்பினும், எமது நீதிமன்றங்களில் வழமையாகக் கேட்கப்படுவது ஆட்பிணையாளிகள் இருவரைத்தான். அவர்கள் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழுடன் வரவேண்டும். சில வேளைகளில் அரச ஊழியராகவோ நெருங்கிய உறவினராகவோ இருக்கவேண்டும் என நிபந்தனை விதிக்கப்படும். கொழும்பில் கைதான மலையக இளைஞன் ஒருவனுக்கு, அல்லது தூரத்து ஊரிலிருந்து வேலை தேடி வந்தவனுக்கு, அத்தகைய இருவரை ஒரே நாளில் எங்கிருந்து கொண்டு வருவது? நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிடின் அதனைத் தளர்த்துமாறு நீதிமன்றைக் கோரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிணையாளியாக ஒப்பமிடுவோரும் தமது பொறுப்பை அறிந்திருக்கவேண்டும். சந்தேகநபர் தவணைக்கு வராவிடின், பிணைத்தொகையை ஏன் அறவிடக்கூடாது என நீதிமன்றம் கேட்பது அவர்களிடமே.

கைதாவதற்கு முன்னரே பாதுகாப்புத் தேடும் வழியும் உண்டு. பிணை வழங்கத்தகாத குற்றமொன்றின் பேரில் தாம் கைது செய்யப்படலாம் என நம்புவதற்குக் காரணமுள்ளவர், பிணைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின் கீழ் நீதிவானிடம் முன்பிணை கோரலாம். இதனைப் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் வசதி படைத்தோருமே பயன்படுத்தி வருகின்றனர்.

இதுவரை நாம் கூறியது விதியைப் பற்றியது. இனி அவ்விதி செல்லுபடியாகாத இடங்களுக்கு வருவோம்.

பிணைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அவசரகால விதிகளின் கீழும் சந்தேகிக்கப்படுவோரைத் தனது எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பிணை பற்றித் தனியாக ஏற்பாடு கொண்ட வேறு சட்டங்களுக்கும் அது பொருந்தாது. பொதுச் சொத்துக்கள் தொடர்பான சட்டத்தில், சேதத்தின் அல்லது இழப்பின் பெறுமதி குறித்த தொகையை விஞ்சுகின்றது என உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் சான்றுப்படுத்தினாலே பிணை கடினமாகிவிடும். பாரதூரமான போதைப்பொருள் குற்றங்களில் நீதிவானுக்கு அதிகாரமில்லை. மேலுள்ள நீதிமன்றங்களும் 'விதிவிலக்கான சூழ்நிலை' இருப்பின் மாத்திரமே பிணை வழங்கலாம்.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கதை இன்னும் விந்தையானது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நாட்டின் சட்டமாக்குவதற்கென நிறைவேற்றப்பட்ட அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கி, அதற்குப் பிணையை மேல் நீதிமன்றம் மாத்திரம் விதிவிலக்கான சூழ்நிலையில் வழங்கலாம் என்கின்றது. மனித உரிமைகளுக்கான சட்டமே மக்களைப் பிணையின்றி அடைக்கும் கருவியானது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார தாம் எழுதிய சிறுகதையொன்றுக்காக இச்சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் கைதாகி, நான்கு மாதங்களின் பின்னரே பிணையில் வெளிவந்தார்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடாகவே கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. இதன் கீழ் கைதானவரை நீதிவானிடம் கொண்டு செல்லாமலே 72 மணித்தியாலங்கள் வைத்திருக்கலாம். பாதுகாப்பு அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு பெறப்பட்டால் மூன்று மூன்று மாதங்களாக அது நீளும். முன்னர் 18 மாதங்களாக இருந்த இதன் உச்ச எல்லை, 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தடுப்புக்காவல் முடிந்து நீதிவானிடம் வந்தாலும், வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்குமாறே சட்டம் அவரைப் பணிக்கின்றது. சட்டமா அதிபரின் சம்மதமிருந்தால் மாத்திரம் வழக்கு ஆரம்பமாகும் முன் விடுவிக்கலாம். வழக்குத் தொடுக்கும் தரப்பே பிணையின் திறவுகோலையும் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நீதியென்று எவ்வாறு சொல்வது?

2022 திருத்தம் ஒரு சாளரத்தைத் திறந்தது. கைதாகி 12 மாதங்கள் கடந்தும் வழக்கு ஆரம்பிக்கப்படாவிடின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கலாம். 'வழங்கலாம்' என்றே உள்ளது; 'வழங்கவேண்டும்' என்றில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் ஏற்பாட்டை அத்திருத்தம் தொடவேயில்லை. இச்சட்டத்துக்குப் பதிலாக 2018 இலும் 2023 இலும் வெளியிடப்பட்ட சட்டமூலங்கள் சட்டமாகவில்லை.

இதன் விளைவை இரு சம்பவங்கள் காட்டும். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமது தமிழ்க் கவிதை நூல் காரணமாக 2020 மே மாதத்தில் கைதானார். 19 மாதங்களின் பின்னர் 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி, ஏறத்தாழ 22 மாதங்களின் பின்னர், 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினால் பிணையில் விடப்பட்டார். சட்டம் தெரிந்த, நண்பர்கள் நிறைந்த ஒரு சட்டத்தரணிக்கே இந்நிலை. வடக்கு, கிழக்கிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பெயர் தெரியாத இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததில் வியப்பென்ன?

இச்சட்டத்தின் கீழ் கைது இடம்பெற்றால், அதனை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டியது கைது செய்த அதிகாரியின் கடமையாகும். அவர் அறிவிப்பார் எனக் காத்திராமல் குடும்பத்தினரும் உடனடியாக முறைப்பாடு செய்தல் வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டவிரோதக் கைதுக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அம்மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேராது. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கைதான திகதி, நேரம், இடம், அழைத்துச் சென்ற அதிகாரியின் பெயர், பொலிஸ் நிலையம் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். பின்னர் தொடுக்கப்படும் எந்த மனுவுக்கும் அடித்தளம் அந்தக் குறிப்பே.

காசுப் பிணை செலுத்தியோருக்கு ஒரு வார்த்தை. வைப்பிலிட்ட பணம் அபராதமன்று. தவணை தவறாமல் தோன்றி வழக்கு முடிந்தபின் அதனை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து மீளப் பெறலாம். அதற்கு அன்று தரப்பட்ட பற்றுச்சீட்டு தேவை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில், அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிறப்புச் சான்றிதழுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துவதே உசிதமானது.