ரெயிலை விடாத டாக்டர்!
தமிழருக்குக் கிடைத்த மகாவீர சக்கரம்

போரில் எதிரியைச் சுட்டு வீழ்த்தியவனுக்கு வீரப் பதக்கம் கொடுப்பார்கள். ஒருவரையும் சுடாமல், உயிரைக் காப்பாற்றியே பதக்கம் வாங்கினார் ஒரு டாக்டர்.

அவர் பெயர் ரங்கராஜ். ஆற்காடு என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயரின் முன்னால் வைத்திருந்த தமிழர். 1941-ல் பாரசூட் கட்டிக்கொண்டு விமானத்தில் இருந்து குதித்தார். இந்தியப் படையில் முதன் முதலாகக் குதித்தவர்களில் அவரும் ஒருவர்.

1950-ல் கொரியாவில் போர் மூண்டது. இந்தியா சண்டைப் படையை அனுப்பவில்லை. மருத்துவப் படையைத்தான் அனுப்பியது. அதுதான் 60-வது பாரசூட் மருத்துவப் படை. அதன் தலைவர் லெப்டினெண்டு கர்னல் ரங்கராஜ்.

வாளி வாளியாகத் தண்ணீர்

1950 டிசம்பர் மாதம். வடகொரியத் தலைநகர் பியாங்யாங். கடுங்குளிர். சீனப் படை நெருங்கிவிட்டது. ஐ.நா. படைகள் பின்வாங்கின. "சாமான்களை அழித்துவிட்டுப் புறப்படுங்கள்" என்று உத்தரவு வந்தது. அவற்றை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை.

கத்தி இல்லை, மருந்து இல்லை என்றால் டாக்டர் எதற்கு? சாமான்களை விட்டுப்போக ரங்கராஜுக்கு மனம் வரவில்லை.

தேடிப் பார்த்தார்கள். ஒரு பழைய நீராவி என்ஜினும் சில பெட்டிகளும் கிடைத்தன. கொதிகலனில் தண்ணீர் இல்லை. வீரர்கள் வரிசையாக நின்றனர். வாளி கைக்குக் கை மாறியது. கொதிகலன் நிறைந்தது. சாமான்களை ஏற்றி, என்ஜினையும் தாங்களே ஓட்டினர். ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு ரெயில் அதைக் கடந்துவிட்டது!

அன்று காப்பாற்றிய கருவிகள் பின்னர் எத்தனையோ பேரின் உயிரைக் காத்தன.

வானத்தில் இருந்து வைத்தியம்

1951 மார்ச் 23-ந்தேதி சியோலுக்கு வடக்கே மன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாரசூட் வீரர்கள் குதித்தனர். அவர்களோடு இந்திய மருத்துவப் படையினர் 12 பேரும் குதித்தனர். ரங்கராஜும் அதில் ஒருவர். இறங்கிய இடத்திலேயே காயம் பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது.

போர்முனையில் ஒரு பிரிவு இப்படிப் பாடுபட, தேகு நகரில் மேஜர் பானர்ஜியின் தலைமையில் மற்றொரு பிரிவு வேலை செய்தது. கொரிய ஏழை மக்களுக்கும் அங்கே வைத்தியம் கிடைத்தது.

இருவருக்கும் மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்களத் தீரத்துக்காக இந்தியா தரும் விருதுகளில் பரமவீர சக்கரத்துக்கு அடுத்தது இதுதான். வேறு சிலர் வீர சக்கரம் பெற்றனர்.

ராணுவத்தை விட்ட பிறகும் ரங்கராஜ் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டார். 1980-ல், உலகில் பெரியம்மை அடியோடு ஒழிந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது.

அந்த வெற்றிக்குத் தனிச் சக்கரம் எதுவும் இல்லை. இன்று பிறக்கும் குழந்தையின் முகத்தில் அம்மைத் தழும்பு இல்லையே, அதுதான் பதக்கம்!