மெலிந்த கடல் மீனைத் தேற்றுதல்

கடலை அண்டி வாழும் எமக்கு மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சட்டிதான். ஆயினும் ஓராவும் விளைமீனும் மேயும் அதே முருகைக்கற் பார்களில் உண்பதற்கன்றிப் பார்ப்பதற்கென்றே பிடிக்கப்படும் சிறு மீன்களும் வாழ்கின்றன. பருத்தித்துறை முதல் காங்கேசன்துறை வரையான வடகரையிலும் தீவகத்தைச் சுற்றியும் இத்தகைய பார்கள் உண்டு. இலங்கைக் கடலில் அலங்கார மீன் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில். வீட்டு முன்கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைப்போரும் இவற்றை வாங்குகின்றனர்.

இப்படி வாங்கிய மீன் சில வாரங்களில் எலும்பும் தோலுமாகி இறந்துவிட்டால், "ஏதோ வருத்தம் வந்து செத்துவிட்டது" என்று சொல்லி அடுத்த மீனை வாங்கப் போகிறோம். பல வேளைகளில் அந்த வருத்தத்தின் பெயர் பட்டினி. போட்ட பணமும் போகிறது, கடலிலிருந்து எடுத்த ஓர் உயிரும் வீணாகிறது. மெலிந்த மீனைத் தேற்ற முடியுமா, எப்படி, எந்த மீனைத் தேற்ற முடியாது என்பனவற்றை இங்கே பார்ப்போம்.

மெலிவு எங்கே தொடங்குகிறது?

தொட்டிக்கு வருமுன்பே மீன் மெலியத் தொடங்கிவிடுகிறது. சுழியோடிகள் மேல்பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமும், மற்றக் காலத்தில் தென்மேற்குக் கரையிலும் மீன் பிடிக்கின்றனர். பிடித்த மீன் கரையில் ஒரு தொட்டி, சேகரிப்பவரிடம் ஒரு தொட்டி, ஏற்றுமதியாளரிடம் இன்னொரு தொட்டி எனக் கைமாறுகிறது. பொலித்தீன் பையில் கட்டுவதற்கு முன் ஓரிரு நாள் உணவை நிறுத்துவது வழக்கம். வயிற்றில் உணவிருந்தால் அதன் கழிவு பைக்குள் அமோனியாவாக மாறி மீனையே கொன்றுவிடும் என்பதால் இது தேவையான நடைமுறைதான். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் இப்படி நிறுத்தி, இடையில் எவரும் ஒழுங்காகத் தீன் போடாவிட்டால் ஓரிரு நாள் பட்டினி வாரக்கணக்கில் நீண்டுவிடுகிறது. எமது கடல் வெப்பமானது. வெப்பநீரில் மீனின் உடல் விரைவாக இயங்குவதால் சேமிப்பும் விரைவாகக் கரைகிறது. குஞ்சு மீன்கள் இன்னும் விரைவில் வாடுகின்றன.

பிடித்த முறையும் இதிற் சேர்கிறது. பிலிப்பைன்சில் 1960களிலிருந்து சயனைட்டுக் கரைசலைப் பாறை இடுக்குகளில் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு பிடித்த மீனின் உள்ளுறுப்புகள் கெட்டுவிடுவதால் பின்னர் எவ்வளவு கவனித்தாலும் அது தேறுவது அரிது.

மெலிவை அறிவது எப்படி?

மீனைப் பக்கத்திலிருந்து பார்ப்பதோடு நில்லாமல் முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். முதலில் வயிறு உட்குழியும். இது ஆரம்ப நிலை, தேற்றுவது எளிது. அடுத்து தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, முதுகு கத்தி முனைபோல் தெரியும். ஈரலிலும் குடலைச் சுற்றியும் இருந்த கொழுப்பு தீர்ந்து, உடல் தன் தசையையே எரிக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். இந்நிலையிலுள்ள மீனைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதிருப்பதே நல்லது. வாங்குமுன் தீன் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். உண்ணாத மீனை அங்கேயே விட்டுவிடுங்கள்.

முதலில் காரணம், பிறகு தீன்

மெலிந்த மீனைக் கண்டதும் தீனை அள்ளிப் போடுவது எல்லோருக்கும் வரும் எண்ணம். காரணத்தை நீக்காமல் போடும் தீன் தண்ணீரைத்தான் கெடுக்கும். பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, அதே தொட்டியிலுள்ள வலிய மீன் இதைத் துரத்துகிறதா? துரத்தினால் இதைத் தனித்தொட்டிக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டோ சட்டி ஓடோ வையுங்கள். பயந்த மீன் உண்ணாது.

இரண்டு, உண்டும் மெலிகிறதா? அப்படியானால் குடலில் புழுவோ வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம். வெள்ளை நூல்போன்ற கழிவு ஓர் அறிகுறி. ஆனால் வெறும் வயிற்றிலும் கழிவு அப்படி வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. தட்டைப் புழுக்களுக்குப் பிரசிகுவான்டெல், குடலில் வாழும் சில ஒற்றைக்கல உயிரிகளுக்கு மெட்ரோனிடசோல் என மருந்துகள் உண்டு. எந்த மருந்து, எந்த அளவு என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

மூன்று, தண்ணீர் சரியா? அமோனியா இருந்தாலும் ஒக்சிசன் குறைந்தாலும் மீன் முதலில் உணவைத்தான் விடும்.

நான்கு, நாம் போடுவது அந்த மீனுக்கு உணவாகத் தெரிகிறதா? கடலில் இறால் குஞ்சையும் புழுவையும் கொத்தித் தின்ற மீனுக்கு உலர்ந்த உருண்டைத் தீன் ஒரு கல்லைப் போலத்தான் தோன்றும்.

எதை, எவ்வளவு, எப்போது?

பட்டினி எமது மக்களுக்குப் புதிய சொல்லல்ல. நீண்ட நாள் உண்ணாதவருக்கு முதலில் கஞ்சித் தண்ணியே கொடுக்க வேண்டும், சோற்றைப் பிறகு பார்க்கலாம் என்பதை 1995இன் இடப்பெயர்விலும் 2009இன் முகாம்களிலும் கண்டவர்கள் எம்மிடையே உள்ளனர். அந்தத் துயரத்தை மீனோடு ஒப்பிட நாம் துணியவில்லை. ஆனால் உடலின் விதி ஒன்றுதான். பட்டினியில் குடலின் உட்சுவர் மெலிந்துவிடுவதால், ஒரே தடவையில் நிறையப் போட்டால் அது சமியாது. நாளுக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மிஞ்சியதைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

இறைச்சி உண்ணும் மீன்களுக்கு எமது சந்தையிலேயே நல்ல தீன் கிடைக்கிறது. பச்சைக் கூனி இறால் மிகப் பொருத்தமானது. நன்றாகக் கழுவி, சிறு பொட்டலங்களாக உறைய வைக்கலாம். கருவாட்டுக் கூனியில் உப்பு மிகுதி, சத்தும் குறைவு. பொடியாக நறுக்கிய இறால், கணவாய், மீன் சினை என்பனவும் உதவும். சினையில் கொழுப்பு அதிகமாதலால் மெலிந்த மீனுக்கு அது மிக நல்லது. எதையும் தொடாத மீனுக்கு அசையும் இரை வேண்டும். உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலின் முட்டையைக் கடல்நீரில் காற்றூட்டி வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். உடனே கொடுக்க வேண்டும். பொழுது போகப்போக அதன் கருச்சத்துத் தீர்ந்துவிடும். மீன் உண்ணத் தொடங்கிய பின், உறைந்த கூனியைச் சிறிது சிறிதாக அதனுடன் கலந்து பழக்கலாம்.

நீண்ட மூக்குள்ள வண்ணத்துப்பூச்சி மீன் பாறை இடுக்கில் இரை தேடுவது. மட்டியைப் பிளந்து ஓட்டோடு வைத்தால் சில மீன்கள் அன்றே கொத்தத் தொடங்கும். ஆனால் பச்சை மட்டியிலும் சூடை போன்ற மீன்களிலும் உயிர்ச்சத்து பீ1ஐ அழிக்கும் நொதியம் இருப்பதால், அவற்றையே நாளாந்தத் தீனாக்கக் கூடாது.

ஓரா இனமும், வாலடியில் கத்திபோன்ற முள்ளுள்ள நீல மீன்களும் பாசி மேய்பவை. கடலில் பகல் முழுதும் மேயும் மீனுக்கு நாளுக்கு இருமுறை இறால் போட்டால் போதாது. கரையோரத்துப் பச்சைப் பாசியைக் கழுவி, ஒரு கல்லில் கட்டித் தொட்டியில் விடுங்கள். கழிவுநீர் சேரும் இடத்திலும் வள்ளங்களின் எண்ணெய் படியும் துறைமுகத்திலும் பாசி எடுக்காதீர்கள்.

இவ்வளவு தீன் போட்டால் கழிவும் கூடும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நீரேரித் தண்ணீர் மாரியில் உப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் இருக்குமாதலால், வடகடல் நீரை எடுப்பதே நல்லது. ஆவியாகிக் குறையும் அளவுக்குச் சேமித்த மழைநீரைச் சேருங்கள். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது தெரிந்ததே.

மீனைப் பிடித்து நிறுக்க வேண்டாம், அந்தப் பயமே அதை வாட்டும். வாரம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து ஒப்பிடுங்கள். வயிறு நிரம்பச் சில நாட்களும், முதுகுச் சதை பிடிக்கப் பல வாரங்களும் செல்லும்.

தேற்ற முடியாதவை

சில மீன்களுக்கு எமது அன்பு போதாது. உயிருள்ள முருகைக்கல்லை மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் இனங்கள் உண்டு. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. அப்படிப் பார் அழிந்தால் இவை கடலிலேயே உணவிழக்கின்றன. தொட்டியில் எதைக் கொடுத்தாலும் தேறுவதில்லை. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும் சிறு மீனும் தொட்டியில் பெரும்பாலும் பட்டினிதான். கடற்குதிரைக்கு இரைப்பையே இல்லை. நாள் முழுதும் உயிரிரை வேண்டும். அதன் சர்வதேச வர்த்தகம் 2004 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இலங்கையிலும் சில கடல் மீன்கள் தடைப்பட்டியலில் உள்ளன. பிடிக்குமுன்னும் வாங்குமுன்னும் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்டறிவது கடமை.

எதிரே, பாக்குநீரிணைக்கு அப்பால், மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கி வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளனர். முட்டையிலிருந்து மனிதர் கையால் உண்டு வளர்ந்த மீனுக்குத் தீன் பழக்க வேண்டியதில்லை, பாரும் தப்புகிறது. எமது கரையோரக் குடும்பங்களும், குறிப்பாகப் பெண்களும், கற்றுக்கொள்ளக் கூடிய வேலை இது.

அதுவரை, மீன் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் ஒருவர் பொறுப்பாக ஒரு பிடி கூனியைப் போட்டால், தொட்டிக்கு வந்த பின் வாரக்கணக்கில் தேற்ற வேண்டிய தேவை குறையும். பிடிப்பவர், சேர்ப்பவர், விற்பவர், வளர்ப்பவர் என நால்வருக்கும் அதில் இலாபம் உண்டு. வாங்குபவர்கள் நாமே, "இது நேற்று உண்டதா?" என்று கடையில் கேட்கத் தொடங்குவோம்.