விரலை இழந்தவருக்கு, விரலை இழந்த இன்னொருவர் ஏன் தேவை?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால். கார், பைக், டிரக் தயாராகும் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் சிறிய யூனிட்டுகள் ஏராளம். இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ்தான் பல இடங்களில் முக்கிய மெஷின். அதில் சென்சாரோ தடுப்போ சரியாக இல்லை என்றால், ஒரு நொடியில் விரல் போய்விடும். சில நேரம் கையே போய்விடும்.

ஆபரேஷன் முடியும், தையல் பிரிப்பார்கள். ‘காயம் ஆறிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்’ என்பார் டாக்டர். கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. சட்டை பட்டனை எப்படிப் போடுறது? இல்லாத விரல் ஏன் வலிக்குது? பைக் ஓட்ட முடியுமா? மறுபடி அந்த மெஷின் முன்னாடி நிக்க முடியுமா? ஊர்ல பொண்ணு குடுப்பாங்களா?

இதே கேள்விகளைக் கேட்டு, பதில் கண்டுபிடித்து, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவதற்குப் பெயர்தான் ‘பியர் சப்போர்ட்’. தமிழில் சக ஆதரவு எனலாம்.

டாக்டர் சொல்லாத எதை இவர் சொல்லிவிடுவார்?

மருத்துவ ஆலோசனை இவர் வேலை அல்ல. ‘எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு’ என்ற ஒரு வரியை இவரால் மட்டும்தான் உண்மையாகச் சொல்ல முடியும்.

உதாரணத்துக்கு, இல்லாத உறுப்பில் வரும் வலி. இதை ‘ஃபேன்டம் வலி’ என்கிறார்கள். கை இல்லை, ஆனால் உள்ளங்கை எரிகிறது, விரல்கள் இறுகி மடங்கியிருப்பது போலத் தெரிகிறது. ‘எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோ’ என்று பயந்து, பலர் வெளியே சொல்வதே இல்லை. இது மனப்பிரமை அல்ல. உறுப்பை இழந்த பலருக்கும் வருவதுதான். மூளையில் அந்தக் கைக்கான இடம் அப்படியே இருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் இதற்கு எளிய வழி ஒன்றை முன்வைத்தார். ஒரு கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்வார்கள். இருக்கும் கையை விரித்தால், இல்லாத கையும் விரிவது போல மூளைக்குத் தோன்றும். எல்லோருக்கும் பலன் தராது. சிலருக்கு வலி குறைகிறது. இப்படி ஒரு வழி இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம் என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும்.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

1999 கார்கில் போரில் படுகாயமடைந்து வலது காலை இழந்தவர் மேஜர் டி.பி. சிங். செயற்கைக் காலுடன் மாரத்தான் ஓடிய அவர், 2011-ல் ‘தி சேலஞ்சிங் ஒன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். காலையோ கையையோ இழந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதுதான் அதன் நோக்கம்.

தொழிற்சாலை விபத்துகளைப் பொறுத்தவரை, ஹரியாணாவின் மானேசர் பகுதியில் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு வேலை செய்கிறது. ஆட்டோமொபைல் உதிரி பாக யூனிட்டுகளில் காயமடைந்த தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பலன்களைப் பெற உதவுகிறது. அவர்கள் சொன்னதைத் தொகுத்து ‘கிரஷ்டு’ என்ற அறிக்கைகளையும் வெளியிடுகிறது. பவர் பிரஸ்தான் அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்.

ஒரகடம் பக்கம் என்ன சிக்கல்?

இங்கே பலரும் வெளி மாவட்டம், வெளி மாநிலத்திலிருந்து வந்து, ரூம் எடுத்துத் தங்கி, காண்ட்ராக்டில் வேலை செய்பவர்கள். காயம் பட்டதும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனவரின் அனுபவமும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து அடிபடுபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இதில் இழப்பு மனசுக்கு மட்டுமல்ல, பணத்துக்கும்தான். வேலையின்போது காயம் பட்டால், இ.எஸ்.ஐ. பலன் பெற இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சிகிச்சையில் இருக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவில் உதவித்தொகை உண்டு. நிரந்தர இழப்பு என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவ வாரியம் சொல்லும் சதவீதப்படி மாதாமாதம் தொகை வரும். கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம்; ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம் என்று அட்டவணையே இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் சாலை விபத்தும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், இதில் சேரும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் வரும் சதவீதம் வேறு கணக்கு. அரசின் பல சலுகைகளுக்கு அதில் குறைந்தது 40 வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நமக்கு ஒண்ணும் வராது’ என்று விட்டுவிடக் கூடாது. ஒருமுறை இந்தப் படிகளை ஏறி இறங்கியவர் கூட இருந்தால், இந்தத் தவறு நடக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஹெச்.ஆரில், லைனில், சூப்பர்வைசராக இருப்பவர்கள் கவனிக்க:

• விபத்து அறிக்கை இ.எஸ்.ஐ.க்குப் போனதா என்று முதலில் பாருங்கள். அதன் நகலும் காயமடைந்தவர் கையில் இருக்கட்டும்.

• ஏற்கெனவே விரலோ கையோ இழந்து வேலையில் தொடரும் ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அறிமுகம் செய்துவையுங்கள். காயமடைந்தவரின் சம்மதமும் வேண்டும். வயது, வேலை, இழப்பு எல்லாம் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது.

• போகிறவர் கேட்க வேண்டும், உபதேசம் வேண்டாம். ‘உனக்கு ரெண்டு விரல்தானே, எனக்கு நாலு’ என்ற ஒப்பீடு வேண்டவே வேண்டாம். பேசியதை ஃபேக்டரியில் பரப்பவும் கூடாது.

• தூக்கமின்மை, குடி, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு தெரிந்தால், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது சக ஆதரவால் மட்டும் தீராது. தமிழக அரசின் 104 உதவி எண்ணிலும் பேசலாம்.

• செயற்கை உறுப்புக்கும் பயிற்சிக்கும் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதே கே.கே. நகரில்தான்.

ஊருக்குப் போனவரின் போன் நம்பரை மட்டும் அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை ஒருவர் கட்டுப் போட்ட கையோடு ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, முதலில் பேச வேண்டிய ஆள் அவராக இருக்கலாம்.