நெல்லைக் கொள்வோர் வேண்டுவது யாது?

மாமல்லபுரத்துக் கடலோர மணற்பாங்கில் சவுக்கு வைப்போரை வினவினால், மரத்தை வெட்டுமுன் வாங்குபவர் யார் என்பதை அறிந்து வைத்திருப்பர். சாரம் கட்டுவோர்க்கு நேரான கழி வேண்டும்; காகித ஆலைக்கு எடை வேண்டும்; அடுப்பெரிப்போர்க்குக் காய்ந்த கட்டை வேண்டும். நெல் விஷயத்திலோ நம் செங்கற்பட்டுக் குடியானவர்கள் பெரும்பாலும், ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்ற ஒரு கேள்வியுடன் நின்றுவிடுகின்றனர். அந்நெல் வாங்குபவர் வீட்டில் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதையும் விதை வாங்குமுன்னரே விசாரித்தல் அவசியம்.

1966-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 ரகம் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். குட்டைத் தாள், உரம் மிகுத்து இட்டாலும் எளிதிற் சாயாது, மகசூலில் பழைய ரகங்களை வென்றது. ஆயினும் அரிசி பருமனானது. ஆலையில் மிகுதியாக நொறுங்கிற்று. சோறு சூட்டில் உண்ணத்தகும், ஆறினால் விறைத்துப்போம். அமைலோஸ் என்னும் மாப்பொருள் மிகுந்திருந்தமையே இதற்குக் காரணம். காலையில் வடித்ததை இரவிலும் உண்டு, மிஞ்சியதில் நீரூற்றி மறுநாளைக்கு வைக்கும் குடும்பத்தில் இது சிறு குறையன்று. தாள் குட்டையானதால் வைக்கோலும் குட்டை. மாட்டுக்கும் கூரைக்கும் வைக்கோலை நம்பியிருப்பவர் அதனையும் கணக்கிற் சேர்ப்பாரன்றோ?

பின்பு 1969-இல் ஐ.ஆர். 20 வெளிவந்தது. இதன் அரிசி சன்னம். தண்டுத் துளைப்பானையும் ஓரளவு தாங்கிற்று. இதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. அக்காலத்தில் நம் ஜில்லாவைச் சேர்ந்ததும், இன்று திருவள்ளூர் ஜில்லாவிலுள்ளதுமான திரூர்க்குப்பத்தில் 1952-இல் வெளியிடப்பட்ட ரகம் அது. கிச்சிலிச் சம்பா எனப் பெயர்பெற்ற ஜி.இ.பி. 24-இன் வழிவந்தது. நம்மவர் விரும்பி உண்ட அரிசியின் குணம் இவ்வழியாகப் புது ரகத்திற் சேர்ந்தது என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.

இதனால் சன்ன ரகமே எவர்க்கும் உகந்தது என்று எண்ணற்க. இட்டலி மாவுக்குக் குண்டரிசியையே கேட்பர். ஆடுதுறை 37 அதற்கு ஏற்றது. 1978-இல் வந்த டி.கே.எம். 9 சிவப்பரிசி, சிவந்த புழுங்கலரிசியை விரும்பும் கேரளத்தார்க்கு அந்நிறமே வேண்டும். அதே சிவப்பு மணி வெள்ளைப் பொன்னி மூட்டையிற் கலந்திருந்தால் ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். ஆகையால் இரண்டையும் பயிரிடுவோர் களத்தையும் சாக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமும் பதரும் கலப்பும் பார்ப்பார்கள். சோறு ஆறினால் எப்படியிருக்கும் என்று கேட்கமாட்டார்கள். அங்கு விற்பதற்கும் தனி வியாபாரிக்கு விற்பதற்கும் ரகத்தேர்வு ஒன்றாயிராது என்பதை, விதை வழங்கும் பருவத்தில் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

புது ரகத்தை முதலிற் சிறு பாத்தியளவே பயிரிட்டு, அந்நெல்லில் ஒரு மரக்கால் புழுக்கிக் குத்தி வீட்டுப் பெண்டிரிடம் கொடுக்க. உலையில் எவ்வளவு நேரம் கொண்டது, மறுநாட் காலையில் சோறு எப்படியிருந்தது என்று அவர்கள் சொல்வதைக் கணக்குப் புஸ்தகத்தில் மகசூலுக்கு அடுத்த பத்தியிற் குறித்து வைக்க.