பாவும் ஊடையும்



திண்டுக்கல் நாகல் நகரில் தறியோசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் நெசவாளர் வீடுகளில் பேசும் மொழி சௌராஷ்டிரம். பள்ளியில் பயின்றதோ தமிழ். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பாடத்தை உரக்கப் படிக்கையில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் உடன் சிரித்தார். அன்று முதல் வாய் திறவேன் ஆயினேன். ஐயங்களைக் கேளாது விட்டமையால் கணக்கிலும் பின்தங்கினேன். "இனிப் பள்ளி வேண்டாம், தார் சுற்றுகிறேன்" என்று வீட்டில் கூறிவிட்டேன்.

பதின்மூன்று வயதின் இயல்பு இது. சிறு குழந்தை அடியையும் மறக்கும். பதின்பருவத்துப் பிள்ளையோ ஏளனத்தை மறவாது. ஒத்த வயதினர் தன்னை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதே அப்பருவத்தின் பெருங்கவலை. அக்கவலை நிறைந்த உள்ளத்தில் பாடத்துக்கு இடம் ஏது?

என் தாயார் எழுத்தறியாதவர். அவர் என்னைக் கடியவில்லை. "தறி நின்றபின் நாள்தோறும் அரைமணி நேரம் எனக்குப் படித்துச் சொல்" என்றார். சொன்னால், "அது ஏன் அப்படி?" என்று கேட்பார். அவருக்கு விளக்கும் பொருட்டு முதலில் நான் விளங்கிக்கொள்ள நேர்ந்தது. பெற்றோர் தர வேண்டியது புலமை அன்று. கவனமே என்பதை அப்போது உணர்ந்தேன்.

மறு ஆண்டு வேறோர் ஆசிரியர் வந்தார். தவறான விடையைக் கரும்பலகையில் எழுதி, அது எவ்விடத்தில் வழி தவறிற்று என வகுப்பையே ஆராயச் செய்வார். தவறு அனைவருக்கும் பாடமாயிற்று; சிரிப்பு தானே அடங்கிற்று. நானும் மீண்டும் வாய் திறந்தேன்.

இவை இரண்டின் தேவையையும் இன்று சட்டமே ஏற்றுள்ளது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, உடல் தண்டனையை மட்டுமன்றி மனத்துன்பம் விளைவிப்பதையும் தடுக்கிறது. 21 ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும் என்கிறது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை தன் குடும்பத் தொழிலில் உதவுவதாயினும், அது ஆபத்தற்ற வேலையாய், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோதான் நிகழ வேண்டும். நான் பயின்ற நாளில் இவை இல்லை.

எனினும் வகுப்பில் எழும் சிரிப்பைச் சட்டம் நிறுத்தாது. அது உங்கள் கையில் உள்ளது. பக்கத்து மாணவன் தடுமாறும்போது நீங்கள் காக்கும் அமைதி அவன் படிப்பையே காக்கக்கூடும். மாலையில் வீட்டில் எவரும் கேளாவிடினும், அன்று கற்றதை நீங்களாகவே பெற்றோரிடம் சொல்லுங்கள். கேட்கும் பழக்கம் அவர்களுக்கும் வந்துவிடும்.

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு வீடு. நாள்தோறும் குறுக்கே ஓடும் ஊடை வகுப்பறை. பாவு தளர்ந்தாலும் ஊடை அறுந்தாலும் துணி இல்லை. இரண்டும் இணங்கிய இடத்திலேதான் கல்வி என்னும் ஆடை உருவாகிறது.