வல்லரசுகளும் செல்வாக்கு மண்டலமும்

தாம்பரத்தை அடுத்த சேலையூர், மாடம்பாக்கம் பகுதி மக்களுக்கு, வானில் வட்டமிடும் விமானப்படைப் பயிற்சி விமானங்களின் ஒலி பழகிப்போன ஒன்று. அண்ணாந்து நோக்கும் மாணவர் ஒருவர், 'போர் இல்லாத காலத்தில் இத்தனை ஆயத்தம் எதற்கு?' என்று வினவக்கூடும். அதற்கு விடை கூற முயலும் பன்னாட்டு உறவுக் கொள்கைகளுள் ஒன்று யதார்த்தவாதம்.

ஊருக்குள் பூசல் எழுந்தால் காவல் நிலையம் உண்டு, நீதிமன்றம் உண்டு. நாடுகளுக்கு மேல் அத்தகைய அதிகாரம் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை இருப்பினும், வல்லரசு ஒன்றைப் பணியவைக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே தேடிக்கொள்கிறது. அண்டை நாட்டின் உள்ளக்கிடக்கையை அறிய இயலாது. படைவலிமையை மட்டுமே ஓரளவு கணிக்க முடியும். இந்த ஐயமே, தம் வாயிலருகே பிற வல்லரசு காலூன்றாதவாறு சுற்றுப்புறத்தைத் தம் செல்வாக்கில் வைத்திருக்கப் பெருநாடுகளைத் தூண்டுகிறது என்பர் இக்கொள்கையினர். அமெரிக்கா 1823இல் மன்றோ கோட்பாட்டை அறிவித்ததும், 1962இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகளைக் கண்டு கொதித்தெழுந்ததும் இதனாலேயே. ஹான்ஸ் மார்கெந்தோ 1948இல் இக்கொள்கையை விரிவாக எழுதினார். அண்டை அரசைப் பகையாகவும் அதற்கு அப்பாலுள்ள அரசை நட்பாகவும் கருதும் மண்டலக் கோட்பாடு, அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே அர்த்தசாத்திரத்தில் இடம்பெற்றுவிட்டது.

நமக்கு அணுக்கமான சான்று இலங்கை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. 1942 ஏப்ரல் 9 அன்று சப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அந்த ஏப்ரலில் சென்னை நகரமே கலங்கியது. மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அத்துறைமுகம் எவர் கையில் உள்ளது என்பது சென்னைக்கும் உரிய கவலை என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை உடன்பாடு கையெழுத்தானது. ஈழத்தமிழர் சிக்கலுக்குத் தீர்வு காண்பதே அதன் வெளிப்படை நோக்கம். ஆயினும் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வேறொன்றும் இருந்தது: இந்தியாவின் நலனுக்கு ஊறு விளையுமாறு திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்பதே அது. யதார்த்தவாதம் இவ்வரியை எளிதில் விளக்கிவிடும். அதன்பின் நிகழ்ந்தவற்றுக்கு அவ்விளக்கம் போதாது. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பட்ட துயரோ பெரிது. அரசுகளை மட்டுமே எண்ணும் கொள்கையில் இம்மக்களுக்கு இடமில்லை. இது அதன் பெருங்குறை.

சிறிய நாடும் வெறும் காய் அன்று. இலங்கை 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கப்பல் அங்கு வர முனைந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. வருகையைத் தள்ளிவைக்கச் சீனாவை முதலில் வேண்டிய கொழும்பு, பின்னர் இசைவளித்தது. அதே ஆண்டில் பொருளாதார நெருக்கடியால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்த அந்நாடு, இந்தியாவிடமிருந்து ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியையும் பெற்றுக்கொண்டது.