மறதி நோயும் ஊசி மருத்துவமும்

முதுமையில் சிலரைப் பற்றும் மறதி நோயால் மனக்கலக்கம் விளைகிறது. அதைத் தணிக்க அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவம் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். மாணவர்களாகிய உங்களுக்கு முதுமையின் நோயைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில், மக்களோடும் பேரக்குழந்தைகளோடும் வாழ்பவர்கள். எனவே இது உங்கள் வீட்டுச் செய்தியும் ஆகலாம்.

தாம்பரத்து மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காலை உண்டதை அவர் மறந்துவிடுகிறார். இதைக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்வர். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "டியூட்டிக்கு நேரமாயிற்று" என்று கதவைத் தட்டுகிறார். மூக்குக் கண்ணாடியை மருமகள் திருடிவிட்டாள் என்கிறார். குளிப்பாட்ட வரும் மகனின் கையைத் தட்டிவிடுகிறார். அந்தி மயங்கும் வேளையில், சேலையூரில் தாமே கட்டிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, "என்னை வீட்டிற்கு அழைத்துப் போ" என்று அழுகிறார். மறதியைக் காட்டிலும் இத்தகைய நடத்தை மாற்றங்களே குடும்பத்தாரை மிகுதியாகச் சோர்வடையச் செய்கின்றன.

இவை புதியன அல்ல. 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில், ஆகுஸ்டே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரிடம் முதலில் தோன்றிய அறிகுறிகளுள் ஒன்று, கணவர்மீது எழுந்த காரணமற்ற ஐயம். பொருள்களை ஒளித்து வைப்பதும் அஞ்சிக் கூக்குரலிடுவதும் பின்னர்த் தொடர்ந்தன. அவரைப் பரிசோதித்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், அவர் மறைந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906இல் தம் முடிவை அறிவித்தார். அவருடைய பெயரையே அந்நோய் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆக, இந்நோயைப் பற்றிய வரலாற்றின் முதல் ஏட்டிலேயே மறதியோடு மனக்கலக்கமும் எழுதப்பட்டிருக்கிறது.

கலக்கத்தை அடக்க மருந்துகள் இல்லையா? உண்டு. மனநோய்க்கென அமைந்த சில மருந்துகளை மறதி நோயாளருக்கும் மருத்துவர்கள் கொடுத்து வந்தனர். ஆயின், அவற்றை உட்கொண்ட முதியவர்களிடையே மரணம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்தது கண்டு, 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. மிகவும் இன்றியமையாத வேளையில் மட்டுமே, மருத்துவரின் கண்காணிப்பில், சிறிது காலத்திற்கு அவற்றைக் கையாளலாம் என்பதே இன்றைய கருத்து. மருந்தல்லாத வழிகளை உலகம் தேடத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். அவ்வழிகளுள் ஒன்றுதான் அக்குபங்சர்.

சீன நாட்டில் தோன்றிய இம்முறையில், மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகளை உடலில் குறித்த சில இடங்களில் செலுத்துவார்கள். மனக்கலக்கத்திற்கு உச்சந்தலை, புருவ நடு, மணிக்கட்டு ஆகிய இடங்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பர். உடலில் ஓடும் உயிராற்றலின் தடையை நீக்குவதாகப் பழைய சீன நூலோர் விளக்கம் கூறினர். ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால் உடலில் இயல்பாகச் சுரக்கும் வலி தணிக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன என்று இக்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். நம் சித்த மருத்துவத்தின் வர்மமும் உடலில் சில இடங்களைப் பேசுகிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அருகே வாழ்வோருக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் இரண்டும் வெவ்வேறு மரபுகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு உரியதாகக் கொள்ளலாகாது.

சான்று என்றேன். ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு நம் ஊரே ஒரு நல்ல பாடம் கற்பித்திருக்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தை நிறுவினார். தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் உள்ள சானடோரியத்தில் தங்கினால்தான் காசநோய் தீரும் என்று அக்காலத்தில் உலகெங்கும் நம்பினர். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தனர். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவரை நெருக்கடி மிக்க அவர்தம் வீடுகளிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. அனைவரும் நம்பியிருந்த ஒரு கருத்தை நேர்மையான சோதனை மாற்றிவிட்டது.

அக்குபங்சருக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மருந்துக்குப் பதில் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். ஊசிக்கு என்ன செய்வது? 1998இல் ஜெர்மனியில் ஒரு போலி ஊசியை அமைத்தார்கள். நாடகமேடைக் கத்தி கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்வதைப் போல, அவ்வூசியின் மழுங்கிய முனை தோலைத் தொட்டதும் உள்ளே சென்றுவிடும். குத்தியது போலத் தோன்றும், ஆனால் குத்தாது.

மறதி நோயில் சோதனைகள் என்ன கூறுகின்றன? இரத்தக் குழாய்க் கோளாற்றால் வரும் மறதி நோயில் அக்குபங்சரின் பயனை அறிய, காக்ரேன் என்னும் அமைப்பினர் 2007இல் உலகின் ஆய்வுகளைத் தேடினர். போலிச் சிகிச்சையோடு முறையாக ஒப்பிட்ட சோதனை ஒன்றேனும் அவர்களுக்குக் கிட்டவில்லை. அதன்பின் பல ஆய்வுகள், பெரும்பாலும் சீனாவில், நடந்துள்ளன. உறக்கம் மேம்பட்டதாகவும் படபடப்புக் குறைந்ததாகவும் அவற்றுட் சில கூறுகின்றன. ஆயினும் பல ஆய்வுகள் சிறியவை. மெய்யான ஊசி யாருக்கு, போலி ஊசி யாருக்கு என்பதை மறைக்காமல் நடந்தவையும் உண்டு. எனவே உறுதியான தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

ஊசியின்றி அதே இடங்களை விரலால் அழுத்தும் முறையைப் பற்றி, 2009இல் தைவான் நாட்டிலிருந்து வெளியான ஆய்வு கருதத்தக்கது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 133 மறதி நோயாளருக்கு, மூன்று முறைகளை மாறி மாறிக் கையாண்டு ஒப்பிட்டனர். ஒன்று விரலழுத்தம், மற்றொன்று அவரவர்க்கு ஏற்ற சிறு கைவேலைகள், மூன்றாவது அருகில் அமர்ந்து வெறுமனே துணையிருத்தல். துணையிருந்ததைவிட விரலழுத்தம் கலக்கத்தைக் குறைத்தது. கைவேலைகளும் அவ்வாறே குறைத்தன. பருப்பைப் பிரித்தெடுப்பது, துணியை மடிப்பது போன்ற எளிய வேலைகளை ஏற்பாடு செய்ய எந்த வீட்டாலும் இயலும் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

இன்னும் அடிப்படையான செய்தி நார்வே நாட்டு ஆய்வொன்றில் கிடைக்கிறது. மறதி முற்றிக் கலக்கமுற்றிருந்த 352 முதியவர்களுள் ஒரு பிரிவினருக்கு, மனத்தை அடக்கும் மருந்தைக் கூட்டாமல், வலிக்குரிய சிகிச்சையை எட்டு வாரம் முறைப்படி அளித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெற்றது நாம் தலைவலிக்கு உண்ணும் பாரசிட்டமால்தான். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களது கலக்கம் 17 சதவிகிதம் குறைந்தது என்று 2011இல் அறிவித்தனர். வலியைச் சொல்லும் சொல்லை நோய் பறித்துவிட்டதால், அவர்கள் கையால் அடித்துச் சொன்னார்கள். மூட்டுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தாகம், காது கேளாமை, இருளின் அச்சம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கூச்சலின் பின்னே மறைந்திருக்கலாம்.

அக்குபங்சரைத் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அது காரணத்தைத் தேடும் கடமைக்குப் பதிலாகிவிடக் கூடாது என்பதே என் கருத்து. முதலில் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிய வேண்டும். தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் சென்றடையும் கிண்டியில், முதியோருக்கென்றே 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. காரணத்தைக் களைந்து, வெளிச்சமும் வேலையும் அன்பான துணையும் அளித்த பின்னரும் கலக்கம் நீடித்தால், முறையாகப் பயின்றவரிடம், ஒரு முறைக்கு மட்டும் பயன்படும் தூய ஊசியைக் கொண்டு, இம்முறையைத் துணைச் சிகிச்சையாக முயன்று பார்க்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராயின் அதை முன்னரே கூறுதல் வேண்டும். ஊசியைக் கண்டு முதியவர் அஞ்சிக் கையை இழுத்துக்கொண்டால், அதுவே அவருடைய மறுப்பு. ஏன் குத்துகிறார்கள் என்பதை அறியாத ஒருவரைப் பிடித்துவைத்து ஊசி ஏற்றினால், தணிக்க வந்த கலக்கத்தை நாமே வளர்த்தவராவோம்.

மாணவர்களே, இப்பணியில் நீங்களும் உதவலாம். வீட்டில் இத்தகைய பெரியவர் இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலக்கம் வந்த மணி, அதற்குமுன் நடந்தது, அவர் உண்டது, உறங்கியது, பின்னர் எதனால் அமைதியடைந்தார் என்பனவற்றை நாள்தோறும் குறித்து வாருங்கள். புதிய சிகிச்சை எதைத் தொடங்கினாலும், அதற்கு முந்தைய இரண்டு வாரக் குறிப்பையும் பிந்தைய இரண்டு வாரக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இது ஆராய்ச்சி நிலையத்தின் முழுமையான சோதனை ஆகாது. ஆனால் சொல்லிழந்த ஒருவரின் சார்பாக மருத்துவரிடம் பேச, அந்த நோட்டுப் புத்தகம் பெரிதும் துணைநிற்கும்.